பழைய வேட்டை ரைஃபிளுக்கு நியாயமான விலை எது?

கேள்வி: என்னோடு பல வருடங்கள் வேட்டைக்கு வந்த அண்ணன் ஒருவர் காலமாகிவிட்டார். அவருடைய ரைஃபிளை அண்ணி விற்க நினைக்கிறார். வின்செஸ்டர் மாடல் 70, .30-06 என்ற அளவுத் தோட்டாவைச் சுடுவது. வரிசை எண் 2 லட்சத்துச் சொச்சத்தில் இருக்கிறது. வெளியே ப்ளூயிங் (இரும்பின் மேல் ஏற்றும் கருநீலப் பூச்சு) புதிது மாதிரி மின்னுகிறது, குழலுக்குள்ளும் பளிச்சென்று இருக்கிறது. தோளில் வைத்துப் பிடிக்கும் மரக்கட்டையின் பின்பக்கம் சிவப்பு ரப்பர் பேட் போட்டிருக்கிறார்கள். குறிபார்க்கும் தொலைநோக்கியான பழைய ஸ்கோப் ஒன்றும், அண்ணன் தன் கையால் நிரப்பிய தோட்டாக்கள் இரண்டு டப்பாவும் சேர்த்தே தருவதாக அண்ணி சொல்கிறார். அவருடைய அக்கா மகன் இணையத்தில் "இதே துப்பாக்கி" என்று ஒரு பெரிய விலையைக் காட்டுகிறான். ஒரு கடைக்காரரோ அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் தருவேன் என்கிறார். எனக்கு உரிமம் இருக்கிறது, வாங்க ஆசையும் இருக்கிறது. அண்ணியை ஏமாற்றிவிட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. நானும் ஏமாறக் கூடாது. என்ன விலை நியாயம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அக்கா மகன் பொய் சொல்லவில்லை, கடைக்காரரும் கொள்ளையடிக்கவில்லை. இரண்டு பேரும் இரண்டு வேறு பொருளுக்கு விலை சொல்கிறார்கள், அவ்வளவுதான். இணையத்தில் இருப்பது, தொழிற்சாலையை விட்டு வந்த நிலையிலேயே இருக்கும் ரைஃபிளுக்கு ஒருவர் கேட்கும் விலை. கடைக்காரர் சொல்வது, யாரோ கைவைத்த ரைஃபிளை வாங்கி, சரிபார்த்து, பொறுப்பேற்று, லாபத்தோடு விற்க வேண்டியவர் தரும் விலை. உங்கள் அண்ணனின் ரைஃபிள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. எங்கே என்பதை ஒரே கேள்விதான் தீர்மானிக்கும்: அதில் இருக்கும் குறைகளைத் திருப்பிச் சரிசெய்ய முடியுமா, முடியாதா? சரிசெய்ய முடிந்த குறைக்குப் பழுதுபார்க்கும் கூலியைக் கழித்தால் போதும். முடியாத குறை விலையின் அடித்தளத்தையே இறக்கிவிடும்.

முதலில் அக்கா மகன் ஏன் அவ்வளவு பெரிய தொகையைப் பார்த்தான் என்று சொல்லிவிடுகிறேன். மாடல் 70 1936-இல் தொடங்கியது. மௌசர் 98 என்ற ஜெர்மன் ரைஃபிளின் வழியில் வந்த போல்ட் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தாழ்), தோட்டாவின் அடியை மேகசின் என்ற தோட்டா அறையிலிருந்து எழும்போதே கவ்விக்கொள்ளும் நீளமான எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி, பிடி வழுக்காமல் இருக்க மரத்தில் கையால் வெட்டிய செக்கரிங் கோடுகள் என்று வேலைப்பாடு அதிகமான துப்பாக்கி அது. 1964-இல் செலவைக் குறைக்க வின்செஸ்டர் வடிவமைப்பை மாற்றியது. கவ்விப் பிடிக்கும் எக்ஸ்ட்ராக்டர் போனது. செக்கரிங்கை வெட்டுவதற்குப் பதிலாக மரத்தில் அழுத்திப் பதித்தார்கள். வேட்டைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அன்றிலிருந்து '64-க்கு முந்தையது' என்பது தனிச் சந்தையாகிவிட்டது. கவ்வும் எக்ஸ்ட்ராக்டர் 1990-களில் மறுபடி வந்தபோதும் பழையதன் மவுசு குறையவில்லை. மாற்றத்துக்குப் பிறகு வந்தவற்றின் எண்கள் 7,00,000-இலிருந்து தொடங்கும். உங்களுடையது 2 லட்சத்துச் சொச்சம் என்கிறீர்கள். அப்படியென்றால் 1950-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது, சந்தேகமில்லாமல் முந்தையதுதான். அந்த வரைக்கும் பையன் சொல்வது சரி.

ஆனால் அந்தப் பெரிய விலையைக் கொடுப்பவர் வேட்டைக்குப் போகிறவர் இல்லை, சேகரிப்பாளர். அவருக்கு வேண்டியது யாரும் கைவைக்காத துப்பாக்கி. இன்னொன்று, அந்தக் கால மாடல் 70-களில் .30-06 அதிகமாக விற்ற தோட்டா. அதனால் அபூர்வம் என்ற வகையில் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. அதே வருடத்தில் அதிகம் பேர் வாங்காத ஒரு தோட்டாவுக்குச் செய்ததாக இருந்திருந்தால் கதை வேறு. வேட்டைக்காரனுக்கு .30-06 என்பது நல்ல செய்தி, ஏனென்றால் தோட்டா கிடைப்பதில் சிரமம் இருக்காது. சேகரிப்பாளருக்கு அது சாதாரணச் செய்தி.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது, ப்ளூயிங் புதிது மாதிரி மின்னுகிறது என்ற வரிதான். எழுபது வருடம் காட்டில் நடந்த ரைஃபிள் புதிது மாதிரி மின்னக் கூடாது. தூக்கிக்கொண்டு நடக்கும்போது கை பிடிக்கும் இடம் மேகசினின் அடித்தட்டு. அங்கே நீலம் தேய்ந்து வெள்ளி நிறம் தெரிய வேண்டும். குழல்முனையின் விளிம்பும் போல்ட் கைப்பிடியின் குமிழும் தேய்ந்திருக்க வேண்டும். இந்த மூன்று இடத்திலும் தேய்மானமே இல்லையென்றால் ஒன்று அண்ணன் அதை வெளியே எடுத்ததே இல்லை, அல்லது யாரோ மறுபடி ப்ளூயிங் செய்திருக்கிறார்கள். நீங்கள்தான் அவரோடு வேட்டைக்குப் போனவர், முதலாவது இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

மறு ப்ளூயிங்கைக் கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடியும் சாய்வான வெளிச்சமும் போதும். குழலில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். ஆரம்பத்தில் அவற்றின் ஓரங்கள் கூராக இருந்திருக்கும். ப்ளூயிங்குக்கு முன் மெருகுச் சக்கரத்தில் தேய்த்திருந்தால் ஓரங்கள் மழுங்கி, எழுத்து ஆழம் குறைந்திருக்கும். திருகுத் துளைகளின் வாய் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். தட்டையான பக்கத்தில் வெளிச்சத்தை ஓடவிட்டால் அலை அலையாகத் தெரியும். மினுமினுப்புக்கு அடியில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தால் துருவை மறைக்கத்தான் அந்த வேலையே நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். தொழிற்சாலை வெள்ளையாகவே விட்ட போல்ட் உடல் கறுத்திருந்தாலும் அதே கதைதான். ப்ளூயிங்கை எத்தனை அழகாகச் செய்திருந்தாலும், தேய்த்து எடுத்த இரும்பு திரும்ப வராது. சேகரிப்பு விலையில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலேயே போய்விடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இயல்பாகத் தேய்ந்த பழைய நீலம் இதைவிட மதிப்பானது. அண்ணிக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். பளபளப்பு விலையைக் குறைக்கிறது என்றால் முதலில் யாருமே நம்ப மாட்டார்கள்.

அடுத்து ரப்பர் பேட். அந்தக் காலத்துச் சாதாரண மாடல் 70-இன் பின்பக்கத்தில் குறுக்குக்கோடு வெட்டிய எஃகுத் தகடு இருக்கும். தோள் வலிக்கிறது என்று பலர் அதைக் கழற்றிவிட்டு ரப்பர் போட்டுக்கொண்டார்கள். கேள்வி, அதற்காகக் கட்டையை வெட்டினார்களா என்பது. ட்ரிகரின் முன்வளைவிலிருந்து கட்டையின் பின்முனை வரை அளந்து பாருங்கள். தொழிற்சாலை அளவு சுமார் 13½ அங்குலம். பேடையும் சேர்த்து அதே அளவு வந்தால் பேடின் தடிமன் அளவுக்கு மரத்தை வெட்டியிருக்கிறார்கள். பேட் இல்லாமல் மரம் மட்டுமே ஏறக்குறைய அந்த அளவு வந்தால் வெட்டவில்லை. அப்படியானால் பழைய தகட்டைத் திருப்பிப் போட்டுவிடலாம். இந்த மாதிரி தகடுகளை யாரும் சுலபத்தில் எறிந்துவிட மாட்டார்கள். அண்ணனின் கருவிப்பெட்டியிலோ மேசை இழுப்பறையிலோ இருக்கலாம். அண்ணியோடு சேர்ந்து தேடிப் பாருங்கள். ஸ்கோப் பொருத்தியபோது கழற்றிய பழைய சைட்டும் அங்கேயே இருக்கக்கூடும். இவை கிடைத்தால் அவருடைய விலை ஏறும், அது அவருக்குச் சேர வேண்டியது.

துளைகளைப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். இந்த மாடலில் ரிசீவரின், அதாவது போல்ட் ஓடும் இரும்புக் கூட்டின், இடதுபக்கச் சுவரில் பீப் சைட் (சிறு துளை வழியே குறிபார்க்கும் கருவி) பொருத்துவதற்காகத் தொழிற்சாலையே துளை போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'யாரோ ஓட்டை போட்டுவிட்டார்கள்' என்று விலையைக் குறைத்தால் அது அநியாயம். வரிசை பிசகி, இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும் துளைகள்தான் அந்நியமானவை.

எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரிசீவரில் இருக்கும் எண் போல்ட்டின் அடிப்பக்கத்திலும் மின்பேனாவால் கிறுக்கியது மாதிரி எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் அது வேறு துப்பாக்கியின் போல்ட். விலை குறைவதைவிடப் பெரிய விஷயம், ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகத்திலிருந்து தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இடம் வரையுள்ள தூரம், சோதிக்காமல் அதைச் சுடவே கூடாது. குழலின் அடிப்பக்கம், கட்டைக்குள் மறைந்திருக்கும் இடத்தில், வருடத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். ரிசீவர் எண்ணின் காலத்துக்கு ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருந்தால் கவலை இல்லை. பத்து வருடம் தள்ளியிருந்தால் குழல் மாறியிருக்கிறது.

இதைப் பார்க்கக் கட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றத்தான் வேண்டும். கட்டையைக் கழற்றாமல் பழைய ரைஃபிளுக்கு விலை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. துரு ஒளிந்திருப்பது மரமும் இரும்பும் தொடும் கோட்டுக்குக் கீழேதான். மழையில் நனைந்த ரைஃபிளை வெளியே துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிடுவார்கள், உள்ளே இறங்கிய தண்ணீரை யாரும் நினைப்பதில்லை. மரமே இரும்பைத் தின்ற கதையும் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் ப்ரௌனிங் துப்பாக்கிகள் சிலவற்றுக்கு உப்பில் பதப்படுத்திய வால்நட் மரத்தைப் பயன்படுத்தினார்கள். வெளியே அழகாகத் தெரியும் துப்பாக்கி, கட்டையைக் கழற்றினால் உள்ளே அரித்துப் போயிருக்கும். உங்களுடையதில் அந்த ஆபத்து இல்லை, ஆனாலும் பழக்கம் நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை: திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லையென்றால் தொடாதீர்கள். தலை சிதைந்த திருகும் விலையைக் குறைக்கும், அதுவும் அண்ணியின் பொருளில். கழற்றியதும் ரிசீவரின் வால் பகுதி உட்காரும் இடத்தில் மரத்தைப் பாருங்கள். உதை வாங்கி வாங்கி அங்கேதான் மயிரிழை விரிசல் தொடங்கும்.

இப்போது குழல். அதற்கு முன், இது உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதாமல் இருக்க மாட்டேன். போல்ட்டைத் திறந்து, மேகசினைப் பார்த்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணாலும் பார்த்து விரலாலும் தொட்டு, காலி என்று உறுதி செய்த பிறகு மற்றதெல்லாம். இறந்துபோனவரின் துப்பாக்கி என்றால் இன்னும் கவனம் வேண்டும். கடைசியாக அதை எந்த நிலையில் வைத்தார் என்று சொல்ல அவர் இல்லை.

குழலுக்குள் பளிச்சென்று இருக்கிறது என்கிறீர்கள். சுத்தம் செய்வதற்கு முன் பார்த்தீர்களா, பின்னா? எண்ணெய் பூசிய குழல் எல்லாமே பளிச்சென்றுதான் தெரியும். செம்புப் படிவமும் கரியும் பள்ளங்களை நிரப்பிச் சமமாகக் காட்டிவிடும். நல்ல கரைப்பானால் செம்பு நீங்கும் வரை சுத்தம் செய்து, காய்ந்த துணியால் துடைத்து, அப்புறம் இரண்டு முனையிலிருந்தும் விளக்கடித்துப் பாருங்கள். குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகளின் ஓரம் கூராக இருக்கிறதா, அவற்றின் இடையே துரு அரித்த கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குழலின் நடுவில் எங்காவது வளையம் மாதிரி ஒரு நிழல் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது. ஏதோ அடைப்பு இருந்தபோது சுட்டிருக்கிறார்கள். அந்தக் குழலுக்கு விலையே கிடையாது.

இந்த ரைஃபிளின் வயதுக்கு நான் குறிப்பாகத் தேடுவது கறுப்புப் புள்ளிகளைத்தான். 1950-களின் தொடக்கம் வரை அமெரிக்க ராணுவத்தின் .30-06 தோட்டாக்களில் பெரும்பாலானவற்றில் பொட்டாசியம் குளோரேட் கலந்த ப்ரைமர் (தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைப்பது) இருந்தது. அது வெடித்ததும் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு தங்கும். அது ஒரு உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். மலிவாகக் கிடைத்த ராணுவத் தோட்டாக்களைப் பயிற்சிக்குச் சுட்டுவிட்டு, எண்ணெய் மட்டும் போட்டு வைத்தவர்களின் குழல்கள் ஒரே பருவத்தில் கெட்டுப்போயின. இந்த ரைஃபிளை அண்ணன் புதிதாக வாங்கினாரா, யாரிடமிருந்தாவது வாங்கினாரா என்று அண்ணியிடம் கேளுங்கள். முதல் சொந்தக்காரர் என்ன சுட்டார் என்பது குழலில் எழுதியிருக்கும்.

பலர் பயப்படுவது அதிகம் சுட்டுத் தேய்ந்துபோன குழலைப் பற்றி. வேட்டை ரைஃபிளில் அது அபூர்வம். வேட்டைக்காரர் வருடத்துக்குச் சுடும் தோட்டாக்கள் மிகக் குறைவு. .30-06 மாதிரி அளவான வெடிமருந்து எரிக்கும் தோட்டாவுக்குக் குழல் சில ஆயிரம் முறை சுடுவதைத் தாங்கும். சின்னக் குழலுக்குள் நிறைய மருந்தை எரிக்கும் .264 வின்செஸ்டர் மேக்னம் மாதிரியானவற்றில்தான் சேம்பருக்கு முன்னால் இருக்கும் தொண்டைப் பகுதி சீக்கிரம் வெந்து, வெடித்த களிமண் மாதிரி ஆகிவிடும். உங்களுடையதைக் கெடுத்திருக்கக்கூடியவை துருவும் சுத்தம் செய்யும் கம்பியும்தான். போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்தே சுத்தம் செய்யக்கூடிய ரைஃபிளையும் சிலர் முனைப்பக்கத்திலிருந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்வார்கள். கம்பி உரசி உரசிக் குழல்முனையின் வாய் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். குண்டு வெளியேறும் கடைசி நொடியில் வாயு ஒரு பக்கம் முந்தி வந்தால் குறி தப்பும். தோட்டாவில் பொருத்தாத தனிக் குண்டு ஒன்றின் மூக்கைக் குழல்முனைக்குள் நுழைத்து, உட்காரும் ஆழத்தையும் சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இது குத்துமதிப்பான சோதனைதான், ஆனால் மோசமான தேய்மானத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் குறை இருந்தாலும் கலங்க வேண்டாம். கடைசல் எந்திரத்தில் முனையை மறுபடி வெட்டிச் சீராக்குவது சின்ன வேலை. கூலியை மட்டும் கழித்துக்கொண்டால் போதும். தொண்டையும் உட்பள்ளங்களும் அப்படி இல்லை, அவற்றுக்குப் புதுக்குழல்தான் வழி.

ஹெட்ஸ்பேஸ் சோதனையைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடமே விட்டுவிடுங்கள். கோ, நோ-கோ என்று இரண்டு கேஜ் (அளவுக்கட்டை) இருக்கும். முதலாவதில் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதில் மூடக் கூடாது. அண்ணன் சுட்டுவைத்த காலி உறைகள் இருந்தால் எடுத்துப் போங்கள். அடியிலிருந்து சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் உறை அங்கே இழுபட்டு மெலிந்திருக்கிறது. தோள்பகுதி கூராக, செங்குத்தாக மாறியிருந்தால் யாரோ சேம்பரைப் பெரிதாக வெட்டி வேறு தோட்டாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். கைத்தோட்டா நிரப்புகிறவர்களுக்கு அந்த ஆசை வருவதுண்டு.

தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியை வீட்டிலேயே சோதிக்கலாம். காலித் துப்பாக்கியில் போல்ட்டை மூடி, சேஃப்டியைப் பின்னால் தள்ளி, ட்ரிகரை அழுத்தி விடுங்கள். பிறகு ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை முன்னால் தள்ளுங்கள். தோட்டாவைத் தட்டும் ஊசி விழுந்தால் துப்பாக்கி ஆபத்தானது, சரிசெய்யும் வரை தோட்டா போடக் கூடாது. சேஃப்டியின் மூன்று நிலைகளும் தெளிவாக நிற்கின்றனவா, போல்ட்டை வேகமாகச் சாத்தினாலும் ஊசி பிடித்து நிற்கிறதா என்றும் பாருங்கள். இந்த மாடலின் ட்ரிகர் எளிமையானது, திறமையானவர் கையில் சரியாகிவிடும்.

எல்லாம் சரி என்று பழுதுபார்ப்பவர் சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் அனுமதியுள்ள இடத்தில், தொழிற்சாலைத் தோட்டாவால் சுட்டுப் பாருங்கள். குழல் ஆறியிருக்கும்போது மூன்று தடவை, ஆறவிட்டு மறுபடி மூன்று. 100 கஜத்தில் இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தால் வேட்டைக்கு அது நல்ல ரைஃபிள். ஒரே துளையில் மூன்று குண்டு விழுந்த பழைய காகிதத்தைக் காட்டி யாராவது விலை ஏற்றினால் ஏற வேண்டாம், அண்ணனின் காகிதமாகவே இருந்தாலும். இன்று நீங்கள் வைத்துச் சுடும் தோட்டாவால் அது என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு.

சரி, விலைக்கு வருவோம். ஒவ்வொரு இடத்திலும் பணம் வேறு, சந்தை வேறு என்பதால் அக்கா மகன் காட்டிய தொகையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அது ஒருவர் கேட்கும் விலை. கேட்பதற்கு எல்லையே இல்லை. நீங்கள் தேட வேண்டியது கடந்த ஒரு வருடத்தில் உண்மையாகவே விற்று முடிந்த விலைகள். ஏல நிறுவனங்களும் சில விற்பனைத் தளங்களும் முடிந்த விலையை வெளியிடுகின்றன. ஏலமென்றால் வாங்கியவர் கமிஷனும் சேர்த்துக் கொடுத்திருப்பார், அதையும் கவனியுங்கள். அதே காலம், அதே தோட்டா, அதே நிலை என்று அரை டஜன் விற்பனையாவது சேர்த்து, உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதை எடுங்கள். நிலையைச் சொல்லும் சொற்களில் ஏமாறாதீர்கள். அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கமான என்ஆர்ஏ-வின் தரப்பட்டியலில் 'நல்லது' என்றால் பத்திரமாக வேலை செய்யும், சிறு தேய்மானம் உண்டு என்றுதான் அர்த்தம். அதற்கு மேலே 'மிக நல்லது', 'சிறப்பு' எல்லாம் இருக்கின்றன. விற்பவர்கள் எல்லோரும் ஒரு படி மேலே ஏற்றித்தான் எழுதுவார்கள்.

கைவைக்காத ரைஃபிள்கள் 75 அளவில் விற்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்களுடையதில் மறு ப்ளூயிங்கும் வெட்டிய கட்டையும் உறுதியானால், சேகரிப்பாளர் விலகிவிடுவார். மிஞ்சுவது வேட்டைக்கு வாங்குபவர். அவர் எவ்வளவு கொடுப்பார் என்பதற்கு இன்று ஒரு கூரை இருக்கிறது. டிக்கா, ரூகர், சாவேஜ் மாதிரி நிறுவனங்களின் சாதாரண விலைப் புது ரைஃபிள்களே பழைய ரைஃபிள்கள் பலவற்றைவிட நன்றாகச் சுடுகின்றன, உத்தரவாதத்தோடு வருகின்றன. பெயர் பெறாத ஒரு பழைய ரைஃபிளுக்கு அந்தப் புது விலைக்கு மேல் கொடுப்பது வீண். மாடல் 70-க்கு அந்தக் கூரைக்கு மேலும் கொஞ்சம் இடம் உண்டு, ஏனென்றால் அந்த ஆக்ஷனை, அதாவது போல்ட்டும் ரிசீவரும் சேர்ந்த இயக்கப் பகுதியை, விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதே காரணத்தால் அதற்கு ஒரு தரையும் உண்டு. குழல் முழுதும் கெட்டிருந்தாலும், புதுக்குழல் போட்டுத் தனக்கேற்ற ரைஃபிள் செய்துகொள்ள அந்த ஆக்ஷனை மட்டும் வாங்கும் ஆட்கள் உண்டு. யாராவது அண்ணியிடம் 'குழல் போய்விட்டது, இது பழைய இரும்பு' என்று சொன்னால் அதை நம்ப விடாதீர்கள்.

கடைக்காரர் 30 தருகிறேன் என்கிறார். அதையே சோதித்து, உத்தரவாதம் கொடுத்து, 45 அல்லது 50-க்கு விற்பார். அவருடைய வாடகையும் ஆபத்தும் அந்த இடைவெளியில் இருக்கின்றன, அதில் தவறில்லை. அண்ணி கடைக்கு விற்றால் கிடைப்பது 30, நீங்கள் கடையில் வாங்கினால் ஆவது 50. இடையில் கடை இல்லாதபோது அந்த 20-ஐ இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்வதுதான் நியாயம். ஆக 40. குழல் உண்மையிலேயே சுத்தமாக இருந்து, ரைஃபிள் நன்றாகச் சுட்டால் 43 வரை போங்கள். முனையை வெட்ட வேண்டுமென்றால் அந்தக் கூலியைக் கழியுங்கள். உட்பள்ளங்கள் இருந்தால் 30-க்குக் கீழே வரும். ப்ளூயிங் அசல்தான், கட்டையை வெட்டவில்லை, எஃகுத் தகடும் கிடைத்துவிட்டது என்றால் இந்தக் கணக்கே மாறிவிடும். அப்போது விலை 70-ஐ ஒட்டி நிற்கும். அண்ணியிடம் அதைச் சொல்லி, அவர் சேகரிப்பாளருக்கு விற்க உதவி செய்யுங்கள். 40 கொடுத்து வாங்கிவிட்டு நாலு மாதம் கழித்து அவருக்கு அது தெரியவந்தால், உங்கள் கடிதத்தில் நீங்கள் பயந்தது நடந்துவிடும்.

இந்தச் சோதனைகளை அண்ணியும் அந்தப் பையனும் பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்கள். பழுதுபார்ப்பவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை அண்ணியின் பெயரில் இருக்கட்டும், கூலி உங்கள் பையிலிருந்து போகட்டும். நீங்கள் வாங்காவிட்டாலும் வேறு யாரிடமும் காட்ட அவருக்கு அது உதவும். அண்ணன் அந்த ரைஃபிளால் எதையெல்லாம் வேட்டையாடினார் என்ற நினைவுகளுக்குச் சந்தையில் விலை இல்லை. உங்களுக்கு அது பெரிதென்றால் நீங்கள் மனமுவந்து கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால் துப்பாக்கியின் விலை இது, என் மரியாதைக்காக இது என்று பிரித்துச் சொல்லிக் கொடுங்கள். உரிம மாற்றம், எண் சரிபார்ப்பு எல்லாம் உங்கள் இடத்துச் சட்டப்படி முடிந்த பிறகே துப்பாக்கி கைமாற வேண்டும். அண்ணன் இறந்த பிறகு அது அண்ணியிடம் சட்டப்படி இருக்கிறதா என்பதையும் சேர்த்தே விசாரியுங்கள். விலையைவிட அவசரமான விஷயம் அது.

ஸ்கோப்புக்கு அதிகம் போடாதீர்கள். பழைய ஸ்கோப்பின் உள்ளே அடைத்த வாயு வெளியே கசிந்து, குளிரிலிருந்து வெப்பத்துக்கு வந்ததும் ஆவி படியும். திருகியைத் திருப்பினால் குறி சரியாக நகர்கிறதா என்று சுடும்போதே பாருங்கள். நகர்ந்தால் அதே 100 கணக்கில் இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டுக்கு மட்டும்.

அந்த இரண்டு டப்பா தோட்டாக்களுக்கு விலை பூஜ்யம். அண்ணன் எத்தனை கவனமானவராக இருந்தாலும், எந்த மருந்து, எவ்வளவு எடை, எந்த வருடம் நிரப்பியது என்பது இனி யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. டப்பாவில் எழுதியிருந்தாலும் சுடாதீர்கள். பழைய டப்பாவில் புதுத் தோட்டாவைப் போட்டு வைப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பிரித்துவிடச் சொல்லுங்கள், காலி உறைகள் பயன்படும். அண்ணியின் வீட்டில் இன்னும் மருந்து டப்பாக்களோ ப்ரைமர்களோ இருக்கின்றனவா என்று அதே நாளில் கேட்டு, இருந்தால் அவற்றையும் முறையாக ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள்.